அஞ்சுதலும் ஆயத்தமும்

சத்திரம் என்னும் சொல்லுக்குத் தமிழிலே பொருள் பல. வழிப்போக்கருக்கு உணவும் உறையுளும் நல்கும் அறச்சாலை சத்திரம். அரசர்க்கு நிழல் செய்யும் குடையும் சத்திரம். அறுக்கும் கருவியும் சத்திரம். வெவ்வேறு வடசொற்கள் தமிழெழுத்தினுட் புகுந்து ஒரே வடிவு பெற்றமையால் நேர்ந்த மயக்கம் இது. உண்ணக் கொடுப்பதும் சத்திரம், உண்பதைக் குறைக்க எடுப்பதும் சத்திரம் என்று சொல்லி வகுப்பிலே மாணவரை நகைக்க வைக்கலாம். ஆயின், உடற்பருமனைக் குறைத்தற்பொருட்டு இரைப்பையைச் சுருக்கும் சத்திரசிகிச்சைக்கு நாட்குறித்துக்கொண்டு வீட்டிலிருக்கும் ஒருவருக்கு அச்சொல் நகைப்பை விளைப்பதில்லை. இரவிலே விழித்திருந்து அவர் எண்ணுவன வேறு.

எம்முடன் கற்பிக்கும் இளைய ஆசிரியை ஒருவர் இவ்வாண்டு அந்நிலையில் இருக்கின்றார். வயது நாற்பதைக் கடந்தவர். இரு பிள்ளைகளின் தாய். ஒன்பது ஆண்டாக நீரிழிவு. இப்பொழுது இன்சுலின் ஊசியும் உண்டு. உயரம் 160 சதமமீற்றர், நிறை 96 கிலோகிராம். வைத்தியர் சத்திரசிகிச்சையை எடுத்துரைத்த நாள் முதலாக ஓர் அப்பியாசக் கொப்பியிலே தம் ஐயங்களை எழுதி வருகின்றார். முதற் பக்கத்தின் முதல் வினா இது: “மயக்கம் தந்தபிறகு நான் எழும்புவனோ?” அவர் விருப்பத்தின்பேரிலேயே இக்கட்டுரையை எழுதுகின்றேன். அக்கொப்பியின் வினாக்கள் அவருக்கு மட்டும் உரியன அல்ல.

உறவினர் கூறுவதை முதலிற் சொல்லிவிடல் வேண்டும். “வாயைக் கட்டினாற் போகாத நோயா? இதற்கும் ஒரு கத்தியா?” என்பது அவர் வாக்கு. இதைச் சொல்வோர் பெரும்பாலும் மெலிந்தோர். உடல் தன் நிறையை ஒரு குடும்பத்தலைவன் தன் களஞ்சியத்தைக் காப்பது போலக் காக்கின்றது. உணவைக் குறைத்து நிறையை இறக்கினால், பசியைத் தூண்டும் சுரப்புக்கள் மிகுகின்றன. உடல் செலவிடும் சத்தும் சுருங்குகின்றது. 1999 ஆம் ஆண்டிலே சப்பானிய ஆராய்ச்சியாளர் கொஜிமா, கங்காவா ஆகியோர் இரைப்பையிலிருந்து சுரக்கும் ‘கிறெலின்’ என்னும் பசிச்சுரப்பைக் கண்டறிந்தனர். பட்டினி கிடந்து மெலிந்தவரிடத்தே அது கூடுகின்றது; இரைப்பையின் மேற்பகுதியை அகற்றும் சிகிச்சைக்குப் பின்னர் அது குறைகின்றது. ஆதலால் இது வெறுமனே வயிற்றின் கொள்ளளவைக் குறைக்கும் தச்சுவேலை அன்று. எம் ஆசிரியை இருபது ஆண்டிலே எத்தனை முறை வாயைக் கட்டினார் என்பதை அவ்வுறவினர் எவரும் எண்ணியிலர்.

இனி, யாருக்கு இது தகும் என்பது. நிறையைக் கிலோகிராமிற் கொண்டு, மீற்றரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வருவது உடற்றிணிவுச் சுட்டி. பெல்சிய நாட்டுக் குவெற்றலே என்பார் 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே மக்கட் கூட்டங்களை ஆராயும்பொருட்டு வகுத்த கணக்கு இது. தனியொருவரின் நலத்தை அளக்க அவர் இதனைச் செய்திலர். எம் ஆசிரியைக்கு இச்சுட்டி 37.5. அமெரிக்காவிலே 1991 இற் கூடிய அறிஞர் அவை, 40 அல்லது அதற்கு மேற்பட்டோருக்கும், நீரிழிவு முதலிய கடுநோய்களோடு 35 ஐ எட்டியோருக்கும் சிகிச்சை தகும் என்றது. 2022 இல் உலகச் சத்திரவைத்தியர் சங்கத்தாரும் அமெரிக்கச் சங்கத்தாரும் அவ்வரம்பைத் தாழ்த்தியபொழுது, ஆசிய மக்களுக்கு 27.5 என்றே வகுத்தனர். எம்மவர் உடலிலே குறைந்த பருமனிலேயே நீரிழிவும் இருதய நோயும் தோன்றிவிடுகின்றன என்பதே காரணம்.

அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1954 இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெமென், லின்னர், நெல்சன் என்போர் சிறுகுடலின் பெரும்பகுதியை உணவுப்பாதையிலிருந்து விலக்கும் முறையை வெளியிட்டனர். அடுத்த இருபது ஆண்டுகளிலே அவ்வழியில் வந்த சிகிச்சை பலருக்குச் செய்யப்பட்டது. நிறை குறைந்தது, கூடவே ஓயாத வயிற்றோட்டமும், சிறுநீரகக் கல்லும், ஈரற் கேடும் வந்தன. பலருக்கு மீண்டும் வயிற்றைத் திறந்து குடலைப் பழையபடி இணைக்க வேண்டியதாயிற்று. அம்முறை கைவிடப்பட்டது, அதன் பேச்சுமட்டும் கைவிடப்படவில்லை. இன்றும் ‘குடலை வெட்டிவிட்டார்களாம்’ என்று அஞ்சுவோர் தம்மையறியாமலே அக்காலத்து நோயாளரின் துன்பத்தைப் பேசுகின்றனர்.

வேறு வழி அயோவாப் பல்கலைக்கழகத்திலே பிறந்தது. வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி அகற்றப்பெற்ற பெண்கள் பின்னர் உடல் பெருக்க இயலாமல் மெலிந்தே இருந்ததை எட்வேட் மேசன் என்னும் சத்திரவைத்தியர் கவனித்தார். ஒரு சிகிச்சையின் தீங்காக எண்ணப்பட்டது வேறொரு நோய்க்கு மருந்தாகலாமோ என்று கருதி, 1966 இல், இற்றோ என்பாருடன் சேர்ந்து, இரைப்பைக்கு மாற்றுவழி அமைக்கும் சிகிச்சையைத் தொடங்கினார். அதன் இக்கால வடிவிலே இரைப்பையின் மேற்பக்கத்தில் ஏறத்தாழ 30 மில்லிலீற்றர், அதாவது இரண்டு மேசைக்கரண்டி, கொள்ளும் சிறு பை விடப்பட்டு, சிறுகுடல் அதனோடு இணைக்கப்படுகின்றது. இன்று உலகிலே மிகுதியாகச் செய்யப்படுவது மற்றொன்று: இரைப்பையின் ஐந்திலே நான்கு பங்களவு நீளவாட்டில் அகற்றப்பட்டு, எஞ்சியது ஒரு குழாய்போல ஆக்கப்படுகின்றது. அகற்றியதை மீளப் பொருத்த இயலாது. இதனை நாட்குறிக்கும் முன்னரே உணர்ந்திருத்தல் வேண்டும். 1990களின் நடுப்பகுதி முதலாக இவை வயிற்றைப் பெரிதாகத் திறவாமல், சிறு துவாரங்கள் வழியே செய்யப்படுகின்றன. காயம் சிறிதானமை, அச்சத்தைக் குறைத்த காரணங்களுள் முதன்மையானது.

‘எழும்புவனோ’ என்ற வினாவுக்கு வருவோம். இதற்குக் ‘கடவுள் விட்ட வழி’ என்றோ, ‘ஒன்றும் ஆகாது, பயப்படாதே’ என்றோ விடை கூறுவது வழக்கம். இரண்டும் வினாவை மதியாத விடைகள். அமெரிக்காவிலே பத்து இடங்களில் முதன்முறை இச்சிகிச்சை பெற்ற 4776 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வொன்று 2009 இல் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையிலே வெளிவந்தது. முப்பது நாளுள் இறந்தோர் ஆயிரவருக்கு மூவர். மரணமோ, கடுஞ்சிக்கலோ உற்றோர் நூற்றுக்கு 4.3 பேர். குழாயிரைப்பைச் சிகிச்சை அக்காலத்திற் பெருவழக்காகவில்லை. எனவே இவ்வெண்களை அப்படியே இன்றைக்குப் பெயர்த்தெழுதல் தகாது. ஆயினும் அளவு விளங்குகின்றது. அச்சம் பொய்யன்று, அது கற்பனை செய்யும் அளவும் மெய்யன்று.

மறுபக்கக் கணக்கும் ஒன்றுண்டு. சத்திரசிகிச்சை செய்யாதிருத்தலும் ஆபத்தில்லாத நிலை அன்று. சுவீடன் நாட்டிலே 1987 இற் தொடங்கிய ஆய்வு, சிகிச்சை பெற்ற 2010 பேரையும், வழக்கமான வைத்தியமே பெற்ற 2037 பேரையும் சராசரி 11 ஆண்டளவு பின்தொடர்ந்தது. 2007 இல் வெளியான முடிவின்படி, முன்னவருள் இறந்தோர் 101, பின்னவருள் 129. அவ்வேறுபாடு பெரிதென்று யான் கூறேன். ஆனால், கத்தியை அஞ்சி வீட்டிலிருப்போரை நோய் அஞ்சி விலகிவிடுவதில்லை என்பது அதனாற் புலப்படும்.

அமெரிக்க ஆய்விலே எண்களினும் பயனுடைய செய்தி ஒன்று உளது. சிக்கல் யாருக்கு மிகுந்தது? முன்னர்க் காலின் ஆழ்நாளங்களிலோ நுரையீரலிலோ குருதிக்கட்டி உண்டானவருக்கு. உறக்கத்திலே மூச்சுத் தடைப்படுபவருக்கு. நடந்து திரியும் வலிமை குன்றியவருக்கு. இம்மூன்றையும் நோயாளியே அறிவார், அல்லது அவர் வீட்டார் அறிவர். சொன்னால் வைத்தியர் முன்னேற்பாடு செய்வார். சொல்லாவிடிற் சத்திரக்கூடத்திலேதான் தெரியவரும்.

எம் ஆசிரியை சொல்லவில்லை. உறங்கும்பொழுது குறட்டை உண்டோ என்று தாதி வினவியபொழுது, ‘இல்லை’ என்று விடையிறுத்துவிட்டார். பெண்ணொருத்தி குறட்டை விடுவதாகப் பலர் முன்னிலையிலே ஒப்புக்கொள்ள எம் சமுதாயம் அவளைப் பழக்கவில்லை. பின்னொருநாள் அவர் கணவர் எம் வீட்டுக்கு வந்திருந்தபோது பேச்சுவாக்கிலே, “ஐயா, இரவிலை இவவுக்கு மூச்சு நிண்டு நிண்டுதான் வரும். நான் தட்டி எழுப்பிப் போட்டுத்தான் படுப்பன்” என்றார். ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டார். “தங்கச்சி, இதை டாக்டரிட்டைச் சொன்னீங்களோ?” என்று கேட்டேன். “இதையும் போய்ச் சொல்லுறதோ, ஐயா?” என்றார். அடுத்த கிழமை இருவரும் ஒருங்கே சென்று சொன்னார்கள். உறக்கப் பரிசோதனை செய்யப்பட்டது. இப்பொழுது அவர் முகத்திலே கவசம் அணிந்து, காற்றை அழுத்தி உட்செலுத்தும் பொறியோடு உறங்குகின்றார். மயக்கமருந்து வைத்தியரும் அதற்கேற்ப ஒழுங்கு செய்துள்ளார். சத்திரசிகிச்சையைப்பற்றி அத்துணை அஞ்சியவர், அஞ்சவேண்டிய ஒன்றை நாணத்தால் மறைத்திருந்தார்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே மருத்துவத்துக்கு நான்கு உறுப்புக் கூறும்பொழுது, நோயுற்றவனையே முதற்கண் வைத்தார். மருத்துவனும் மருந்தும் உடனிருந்து பணிசெய்வோனும் அதன்பின்னரே எண்ணப்பட்டனர். வகுப்பிலே இவ்வைப்புமுறைக்கு யாப்பின் தேவை காரணம் என்று கூறிக் கடந்துவிடுவோரும் உளர். இச்சிகிச்சையின் ஆயத்தத்தைக் கண்டபின்னர் அது போதிய விளக்கமாக எனக்குத் தோன்றவில்லை.

ஆயத்தம் என்பது யாது? பலர் அதனை, குருதி பரிசோதித்தல், இருதயப் படம் எடுத்தல், இரைப்பையைக் குழாய்விட்டுப் பார்த்தல் என வைத்தியசாலையார் செய்வனவாகவே எண்ணுகின்றனர். அவை வேண்டுவனவே. ஆயினும் மிகு பயன் தருவது நோயாளி தம் அடுக்களையிலே செய்வது. ஈரலின் இடப்பகுதி இரைப்பையின்மேற் கவிந்து கிடப்பது. உடல் பருத்தோரின் ஈரல் கொழுப்பேறி வீங்கியிருக்கும். எளிதிற் கிழிந்து குருதி பெருகும். சிறு துவாரத்தின் வழியே கருவியைச் செலுத்தும் வைத்தியர் அதனை உயர்த்திப் பிடித்தாலன்றி இரைப்பையைக் காண இயலாது. இதன்பொருட்டே சிகிச்சைக்கு முன் ஏறத்தாழ இரு கிழமைக்கு, நாளொன்றுக்கு 800 முதல் 1000 கலோரி அளவினதாய், மாப்பொருளும் கொழுப்பும் குறைந்த உணவு விதிக்கப்படுகின்றது. அந்நாட்களிலே ஈரல் தன் சேமிப்பைச் செலவிட்டுச் சுருங்குகின்றது. ‘கடைசியாக ஒருமுறை’ என்று புட்டும் கறியும் பாயசமுமாக வழியனுப்பு விருந்து செய்யும் உறவினர், தம்மையறியாமல் வைத்தியரின் கண்ணை மறைக்கின்றனர். இன்சுலின் பெறுவோர் இவ்வுணவைத் தொடங்குமுன் மருந்தின் அளவைக் குறைப்பது பற்றி வைத்தியரைக் கேட்டறிதல் வேண்டும். இல்லையேற் குருதியிற் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

புகைபிடிப்போர் பல கிழமைக்கு முன்னரே அதனை விடுத்தல் வேண்டும். நுரையீரலுக்காக மட்டுமன்று, தைத்த இடம் ஆறுவதற்காகவும். குருதி உறையாமைக்கு உண்ணும் மருந்து, நீரிழிவுக் குளிகை, நாட்டு மருந்து ஆகிய எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தல் நன்று. இப்பொழுது பரவிவரும் செமகுளூட்டைட் முதலிய கிழமை ஊசிகளைப் பெறுவோர் அதனை மயக்கமருந்து வைத்தியரிடம் மறவாது கூறுக. அவ்வூசி இரைப்பை வெறுமையாவதைத் தாமதப்படுத்துவதால், பட்டினி கிடந்தும் வயிற்றிலே உணவு இருத்தல் கூடும். அவ்வூசிகளாலேயே நிறை குறைத்துச் சத்திரசிகிச்சையைத் தவிர்ப்போரும் உளர். நிறுத்தினால் நிறை பெரும்பாலும் மீளுகின்றது என்பதும், விலையும் சிந்திக்கத்தக்கன.

கொப்பியின் பிற வினாக்களுட் பல, வீடு திரும்பிய பின்னர் நேரக்கூடியன பற்றியவை. தலைமயிர் கொட்டுமோ என்பது ஒன்று. மூன்றாம் மாதமளவிலே பலருக்குக் கொட்டும். பெரும்பாலும் மீள வளரும். பிள்ளைப்பேறு பற்றி இளம்பெண்கள் கேட்டல் வேண்டும்: 12 முதல் 18 மாதம் வரை கருவுறுதலைத் தள்ளிவைக்கச் சொல்வர். மாற்றுவழிச் சிகிச்சைக்குப் பின் கருத்தடைக் குளிகை உடலிற் செவ்வனே சேராமற் போகலாம். குழாயிரைப்பை அமைந்தோருட் சிலருக்கு நெஞ்செரிவு மிகும். விரைந்து மெலிவதாற் பித்தப்பையிற் கல் தோன்றலாம். அதனைத் தடுக்கக் குளிகை உண்டு.

யான் அதிகமாக எழுத விரும்புவது, அக்கொப்பியில் இடம்பெறாத சிக்கல் ஒன்றைப்பற்றி. அதன் பெயர் பெரிபெரி. சிங்கள மொழியிலே ‘இயலாது’ என்னும் பொருளுள்ள சொல்லை இருமுறை சொன்னதாற் பிறந்த பெயர் என்று ஆங்கில அகராதியாசிரியர் கூறுவர். தனித்தும் பொருள் தருதலின் இஃது எம் இலக்கணப்படி அடுக்குத்தொடரேயன்றி இரட்டைக்கிளவி அன்று. இயலாது, இயலாது என்று நோயாளி புலம்பிய புலம்பலே நோய்க்குப் பெயராய் உலகெங்கும் வழங்குகின்றது. தீட்டிய வெள்ளையரிசியை உண்ட கோழிகளுக்கும் அத்தகைய நோய் வருவதை 1890களிலே யாவாத் தீவில் ஒல்லாந்த வைத்தியர் ஐக்மான் கண்டார். 1929 இல் அவருக்கு நோபல் பரிசிற் பங்கு கிடைத்தது. அரிசியின் தவிட்டோடு போன பொருள் விற்றமின் பி1. உடலிலே அதன் சேமிப்பு இரண்டு மூன்று கிழமைக்கே போதும்.

எம் முன்னோர் வறுமையாலும் தீட்டிய அரிசியாலும் பெற்ற அந்நோய், இன்று சத்திரசிகிச்சையின் பின் ஓயாது வாந்தியெடுப்போரிடம் திரும்பி வருகின்றது. சிகிச்சை முடிந்த சில கிழமைகளிலே உண்பதெல்லாம் வாந்தியாகின், ‘வயிறு சிறிதாயிற்று, அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டார் ஆறுதல் கூறுவர். அதற்கிடையே பார்வை இரட்டிக்கும், கண் அலையும், நடை தள்ளாடும், அறிவு மயங்கும். தாமதித்தால் மூளைக்கு நேர்ந்த கேடு நிலைத்துவிடும். தடுப்பதோ எளிது, குளிகையும் ஊசியும் மலிவானவை. நினைவிற் கொள்ளவேண்டியது இன்னொன்று: அவ்வாறு சோர்ந்தவருக்கு விற்றமினைக் கொடாமற் சீனிநீரை மட்டும் நாளத்தில் ஏற்றினால் நோய் முற்றும். ஊரிலுள்ள சிறு வைத்தியசாலைக்கு இரவிலே ஓடநேர்ந்தால், ‘இவருக்கு இரைப்பைச் சத்திரசிகிச்சை நடந்தது, நாட்கணக்காக வாந்தி’ என்ற இரு செய்தியையும் உடன் செல்வோர் முதலிற் சொல்லல் வேண்டும்.

பி12, இரும்பு, கல்சியம், விற்றமின் டி என்பனவும் வாழ்நாள் முழுவதும் கவனிக்கப்படவேண்டியன. குளிகைகளை மூன்றாம் ஆண்டிலே அலுத்துப்போய் நிறுத்துவோர் அதன் விளைவை ஐந்தாம் ஆண்டிலே காண்பர். இரைப்பை சுருங்கியபின் நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதம் வேண்டும் என்கின்றனர். முட்டையொன்றில் இருப்பது ஏறத்தாழ 6 கிராம். பத்து முட்டையின் புரதம் கைப்பிடி அளவான வயிற்றுட் செல்லவேண்டுமாயின், சோற்றுக்கும் இடியப்பத்துக்கும் அங்கே எவ்வளவு இடம் எஞ்சும்? மீனும் பருப்பும் தயிரும் முதலில். சோறு எஞ்சிய இடத்துக்கு. கோப்பை நிறையச் சோறிட்டு ஓரத்திற் கறி வைக்கும் எம் வழக்கு தலைகீழாகின்றது.

முதல் மாதத்திலே உடனே வைத்தியசாலைக்கு மீளவேண்டிய குறிகளைத் தாளிலெழுதிச் சுவரில் ஒட்டியிருக்கின்றார் அவர் கணவர். நாடி நிமிடத்துக்கு 120 ஐக் கடந்து தணியாதிருத்தல், காய்ச்சல், வயிற்றிலோ இடத் தோளிலோ மிகும் நோவு: இவை தைத்த இடம் ஒழுகுவதைக் காட்டலாம். ஒற்றைக்கால் வீக்கமும் திடீரென மூச்சிளைப்பும் குருதிக்கட்டியைக் காட்டலாம். கருநிற மலம் உட்குருதிப்பெருக்கின் அடையாளம். தாளின் அடியிலே, இரவிலும் அழைக்கத்தக்க தொலைபேசி எண். ‘காலைவரை பொறுத்துப் பார்ப்போம்’ என்னும் பண்பாட்டை இவ்வொரு மாதத்துக்கு விட்டுவிடுதல் நலம்.

வைத்தியசாலையார் அவரை உளவைத்தியரிடமும் அனுப்பினர். “எனக்கென்ன பைத்தியமோ, ஐயா?” என்று சினந்துகொண்டே சென்றார். துயரம் வரும்பொழுது எதனை உண்பீர் என்று அங்கே கேட்டார்களாம். இருபது ஆண்டிலே எவரும் அவரை அக்கேள்வி கேட்டதில்லை. விடை சொல்ல நெடுநேரம் ஆயிற்றென்றார். வேறொன்றும் அவர் கூறவில்லை, யானும் கேட்கவில்லை.

அவருக்குக் குறித்த நாள் வரும் விடுமுறையிலே. மெல்ல உண்ணவும், உணவோடு நீர் பருகாதிருக்கவும் இப்பொழுதே பழகுகின்றார். இடைவேளைக்கு முன்னரே தேநீர், சீனியின்றி. இடைவேளை முடிந்து மணி அடித்த பின்னரும் ஆசிரியர் அறையின் மூலையிலிருந்து அவித்த முட்டையை மென்றுகொண்டிருக்கின்றார். அவர் வகுப்பை அந்த ஐந்து நிமிடமும் யான் பார்த்துக்கொள்கின்றேன். கொப்பியிலே நேற்று முப்பத்திரண்டாவது வினா எழுதப்பட்டது: “பிள்ளைகளிடம் எப்போது சொல்வது?”